நெற்றிக்காசு

நான் தராசுகளைச் சரிபார்க்கும் வேலை பார்ப்பவள். ஒரே எடைக்கல்லை மூன்று முறை வைத்து, மூன்று முறையும் ஒரே எண் வந்தால்தான் அந்தத் தராசை நம்புவேன். பேய், பிசாசு, கண்ணேறு இவையெல்லாம் எனக்கு ஒரு முறைகூட எந்த எண்ணையும் காட்டியதில்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்லுமளவுக்குக்கூட அவற்றைப் பற்றி யோசித்ததில்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், என் வசதிக்காக எதையும் மாற்றவில்லை.

பழைய காசு சேர்ப்பது எனக்குக் கல்லூரியிலிருந்தே பழக்கம். வேலைக்காக ஊர் ஊராகப் போவதால் பையில் எப்போதும் சில பொருட்கள் இருக்கும்: கையடக்கத் தராசு, காந்தம், லென்ஸ், பஞ்சு, ஒரு தகரப் பெட்டி நிறையப் போலிக் காசுகள். நல்ல காசுகள் கோயம்புத்தூரில் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும். போலிகள்தான் என்னோடு ஊர் சுற்றும், ஏனென்றால் பொய்யை ஒரு கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் மற்றக் கையில் இருப்பது மெய்யா என்று தெரியும். இவை தவிர ஒரு ஐந்து ரூபாய்க் காசும் வைத்திருந்தேன். அது தட்டிப் பார்ப்பதற்கு. பழைய ரூபாயை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசால் விளிம்பில் மெல்லத் தட்டினால் வெள்ளி மணி மாதிரி நீளமாகப் பாடும், வார்த்தெடுத்த போலி 'டக்' என்று அடங்கிவிடும். தவறிப்போய்ச் செலவாகிவிடக் கூடாது என்று அந்த ஐந்து ரூபாயில் எண்ணுக்குக் கீழே ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். இந்தக் கீறலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தேயிலை விலை விழுந்து நீலகிரியே சோர்ந்து கிடந்த வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று செடியை அப்படியே விட்டுவிட்டார்கள், தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாக நின்றதை நான் அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிவிட்டார்கள். மலைவீடுகளில் இருந்த பழைய காசுகளெல்லாம் கீழே விலைக்கு வர ஆரம்பித்தன, அந்த வாசனைக்குப் போலிகளும் மேலே ஏறின.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கொழுந்து நிறுக்கும் தராசைச் சரிபார்க்கப் போயிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள்தான் ஃபேக்டரி ஓடுகிறது என்றார்கள். மேற்பார்வையாளர் என் எடைக்கற்களைப் பார்த்துவிட்டு, "தராசெல்லாம் நல்லாத்தான் இருக்குது மேடம், நிறுக்கத்தான் ஒண்ணுமில்லை. வேணும்னா என்னையத் தூக்கி வெச்சுப் பாருங்க" என்றார். சரிபார்த்து முடித்து, எங்கள் அலுவலக எண் அச்சடித்த ஸ்டிக்கரைத் தராசில் ஒட்டினேன்.

அந்தத் தராசில் கொழுந்து நிறுப்பவர் கலா அக்கா. நாற்பது வயது இருக்கும். சின்ன வயதில் சிலோனிலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்தவர். நான் மதியம் சாப்பிட்டுவிட்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எதற்கு அது என்று கேட்டார். காசு பார்ப்பதற்கு என்றேன். என் கையிலிருந்த லென்ஸைக் குனிந்து பார்த்தார். பிறகு, "பஸ்ஸுக்கு நேரம் இருக்குது மேடம். லயத்துக்கு வந்து ஒரு காச மட்டும் பாத்துட்டுப் போறீங்களா?" என்றார்.

லயம் என்று அவர் சொன்னது அந்த லைன் வீடுகளைத்தான். அவர் வீட்டில் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று. உள்ளறையில் அவர் கணவர் ராசையா காய்ச்சலில் படுத்திருந்தார். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் காட்டியும் இறங்காத காய்ச்சல். வெளியே மேகம் இறங்கி, எதிர் வரிசை வீடுகள் மறைந்துவிட்டன. பகல்தான், ஆனால் கதவைத் திறந்து வைத்தும் லென்ஸில் பார்க்க வெளிச்சம் போதவில்லை.

கலா அக்கா அரிசிப் பானைக்குள் கையை விட்டு, மஞ்சள் துணியில் முடிந்த ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். கையில் தரவில்லை, தரையில் வைத்தார். ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்.

"இது எங்க லயத்துக்கே பொதுவான நெத்திக்காசுங்க" என்றார். யாராவது இறந்தால் நெற்றியில் சந்தனம் வைத்து அதன்மேல் இந்தக் காசை ஒட்டுவார்கள். குழிக்குள் இறக்குமுன் எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு காசு தேட முடியாத காலத்தில் ஆரம்பித்த வழக்கம், சிலோனிலிருந்து அப்படியே கூட வந்திருக்கிறது.

"நோயாளி இருக்கற வீட்டுல இத வெக்கக் கூடாதுங்க. ஆனா வேற எங்க குடுக்கறது? இந்த வரிசைல மிச்சம் மூணு வீடு. ஒண்ணுல புள்ளத்தாச்சி இருக்குறா, ஒண்ணுல கதவையே தொறக்க மாட்டேங்குறாங்க. விக்கக் கூடாது, எறியக் கூடாது. காசுக்குக் காசு மாத்திக்கலாம், அவ்வளவுதான்."

நான் முறைப்படி ஆரம்பித்தேன். எடை குறைவு. விளிம்பில் வார்ப்பு அச்சு சேர்ந்த கோடு. எழுத்துகள் சோப்பில் அழுத்திய மாதிரி மழுங்கல், ராணியின் கன்னத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள். நூற்றுக்கு நூறு போலி. இருந்தாலும் வழக்கத்தை விடாமல் விரல் நுனியில் நிறுத்தி, என் ஐந்து ரூபாயால் விளிம்பில் தட்டினேன்.

சத்தம் வரவில்லை. 'டக்' என்றுகூட வரவில்லை. விரலில் மட்டும் அதிர்வு தெரிந்தது.

உள்ளறையிலிருந்து ராசையா, "இதோ வர்றேன்" என்றார்.

சாதாரணமான குரல். வாசலில் யாரோ கூப்பிட்டால் சட்டையைத் தேடிக்கொண்டே சொல்வோமே, அந்தக் குரல். காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். என் தொழில் புத்தி, ஒரு தடவை வந்த அளவு அளவே இல்லை என்று, மறுபடியும் தட்டினேன். மறுபடியும் சத்தமில்லை.

"இதோ வர்றேங்க, வந்துட்டேன்."

இப்போது கட்டில் கிரீச்சிட்டது. பாதம் தரையில் படும் சத்தம் கேட்டது. ஒரு வாரமாக எழுந்து உட்காராத மனிதர். மூன்றாவது தடவைக்கு என் கை தானாக உயர்ந்ததை, நம்பினால் நம்புங்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கலா அக்கா பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மூணாவது வேணாங்க."

உள்ளறையில் அவர் மறுபடி படுக்கும் சத்தம் கேட்கும்வரை இருவரும் அசையவில்லை.

"இது வெள்ளியே இல்லைங்க்கா" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "போலி."

"போலின்னா?"

"நல்ல காசைப் பார்த்து அச்செடுத்து ஊத்தினது. செல்லாது."

அவர் அந்தக் காசையே பார்த்தார். "எங்க மாமியாளுக்கு இதத்தான் வெச்சோம். எங்கப்பனுக்கு, மாமனுக்கு, எங்க மொதப் புள்ளைக்கு. செல்லாக் காசோடயா அனுப்பி வெச்சோம்?" கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "அப்ப யாருமே இன்னும் போய்ச் சேரல" என்றார்.

நான் பொய் சொல்லியிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

"தங்கச்சி" என்றார். அதுவரை மேடம்தான். "நீங்க இதெல்லாம் நம்பாதவங்க மாதிரிதான் தெரியுது. மாத்திக் கொண்டு போயிருங்களேன். அந்த மனுசன் பொழச்சுக்குவாரு."

எங்களுக்குள்ளும் அதே வழக்கம்தான். சேகரிப்பவர்கள் சந்தித்தால் விற்பதைவிட மாற்றிக்கொள்வதே அதிகம், காசுக்குக் காசு. அதனால் எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. போலிப் பெட்டிக்கு ஒரு நல்ல மாதிரி கிடைத்தது என்றுகூட நினைத்தேன். கையில் இருந்த கீறல் போட்ட ஐந்து ரூபாயைக் கொடுத்தேன். அவர் அதை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிக்குள் புதைத்தார். ராணியைத் தகரப் பெட்டியில் போட்டு மூடினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் பெட்டிக்குள் காசுகள் ஒன்றோடொன்று மோதிச் சலசலத்தன. அது எனக்குப் பழகிய சத்தம், தூக்கம் வரும். ஒரு வளைவில் பஸ் குழியில் இறங்கி ஏறியது, அந்தக் குலுக்கலில் மட்டும் பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை. பக்கத்தில் காரட் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் தோளைத் தொட்டார்.

"ஏனுங் அம்மிணி, யாரு கூப்புட்டாங்க?"

"என்னங்க?"

"இதோ வர்றேன்னீங்களே. எந்திரிக்க வேற பாத்தீங்க. ஓடற பஸ்ஸுல எங்கீங்க போறீங்க?"

என் கை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. பை மடியிலிருந்து நழுவிக் காலடியில் கிடந்தது. நான் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நெற்றியின் நடுவில் மட்டும் ஒரு வட்டம் குளிர்ந்தது. ஜன்னல் காற்று என்று வைத்துக்கொண்டேன். அந்த அம்மா என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூட்டையை இழுத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கோத்தகிரியில் லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. பையை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். பை சரிந்து விழுந்திருக்க வேண்டும். விழுந்த சத்தம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சுயநினைவுக்கு வந்தபோது மூன்றாம் மாடியில் என் அறையின் பின்பக்கக் கதவில் நின்றுகொண்டிருந்தேன். தாழ்ப்பாளை நானே நீக்கியிருக்கிறேன். அந்தக் கதவுக்கு வெளியே பால்கனி கட்டி முடிக்கவில்லை, ஒரு பலகைதான் குறுக்கே அடித்திருந்தது, என் ஒரு கால் அந்தப் பலகையைத் தாண்டி மேகத்துக்குள் நீட்டியிருந்தது. என் வாயில் அந்தச் சொல்லின் மிச்சம் இருந்தது. "...வந்துட்டேன்."

காலை உள்ளே இழுத்துக்கொண்டு, தாழ்ப்பாளைப் போட்டு, அதற்கு முன்னால் கட்டிலை நகர்த்தினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் ஒன்று. இங்கே ஒன்று. பெட்டியைத் திறந்து, மற்றக் காசுகளையெல்லாம் சோப்புப் பெட்டிக்கு மாற்றி, அந்த ராணியைப் பஞ்சுக்குள் திணித்தேன். பஞ்சு ஈரமானது. முகர்ந்து பார்த்தேன், சந்தனம். அப்போதுதான் அரைத்த சந்தனம். விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எலி ஓடி அதைத் தட்டிவிடுமோ என்றுகூடப் பயந்தேன். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. நெற்றியில் அந்த வட்டம் மட்டும் சுடவில்லை. கையால் தொட்டால் விளிம்பு எங்கே முடிகிறது என்றுகூடத் தெரிந்தது.

காலையில் முதல் பஸ் ஏறினேன். திருப்பிக் கொடுத்துவிடுவது, என் ஐந்து ரூபாயை வாங்கிக்கொள்வது, அவ்வளவுதான் திட்டம். பெட்டியையோ பஞ்சையோ நம்பவில்லை. காசை வலது கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன், சதைக்குள் இருந்தால் எதிலும் மோதாது. ஒவ்வொரு வளைவிலும் பஸ் குலுங்கும்போது முஷ்டியை வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். இடது கையால் டிக்கெட் வாங்கியதற்குக் கண்டக்டர், "ஏன் மேடம், அந்தக் கையில கிளியா புடிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் வேறு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது.

லயத்தில் வெயில் அடித்தது. ராசையா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவரை நான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தது அப்போதுதான். ஒல்லியான மனிதர், தாடி வளர்ந்திருந்தது, என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

"வாங்க, உக்காருங்க. நேத்து வந்த மேடம் நீங்கதானுங்களா? ராத்திரி பூராத் தூங்கினேங்க. யாருமே கூப்புடல" என்று சிரித்தார். எத்தனையோ நாள் கழித்துத் தூங்கிய முகம் அது.

கொடுக்க வேண்டியதை முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தேன். இதை இந்த வீட்டுக்குள் வைத்தால் அவருக்கு மிச்சம் ஒன்று. என்னோடு கொண்டுபோனால் எனக்கு மிச்சம் ஒன்று. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

"சும்மா, உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேங்க" என்றேன்.

கலா அக்கா உள்ளே கூப்பிட்டுப் பால் சேர்க்காத சாயத்தண்ணி கொடுத்தார். இடது கையால் வாங்கிக் குடித்தேன். அவர் என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையத் தொறங்க, தங்கச்சி."

"வேண்டாங்க்கா."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

அவர் முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தார். துடைத்த இடத்தை எனக்குக் காட்டாமல் மடித்துக்கொண்டார். ஆனால் மணம் வந்தது.

"நம்பாதவங்கள அது தொடாதுன்னு நெனச்சேன்" என்றார். "சத்தியமாத்தான் நெனச்சேன்."

"தெரியுங்க்கா. அவர் நல்லா இருக்கட்டும். மாத்தினது மாத்தினதுதான்."

"வீட்டுல யாரு இருக்குறாங்க உங்களுக்கு?"

"அம்மா மட்டும்."

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். தராசு இருந்த கொழுந்துக் கொட்டகை வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பஸ் வருவது தெரிந்ததும் என் மூடிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து ஒருமுறை அழுத்தினார். பல வருடம் கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய கைகள், மரப்பட்டை மாதிரி இருந்தன. "பாத்துப் போங்க" என்றார். நான் முஷ்டியைத் திறக்கவில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், திறக்கவே இல்லை.

பஸ் இரண்டாவது வளைவு திரும்பியதும் உடம்பெல்லாம் வியர்த்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றி மற்ற இடங்களைப் போலவே இருந்தது. மெல்ல விரல்களைப் பிரித்தேன். உள்ளங்கையில் ஐந்து ரூபாய் இருந்தது. எண்ணுக்குக் கீழே என் கீறல்.

நான்கைந்து நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் வந்தது. தராசில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார் ராசையா.

"கலா போயிட்டாளுங்க, மேடம்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறார். கூப்பிட்டது யார் என்று ராசையாவுக்குத் தெரியாது, அவர் காதில் எந்தக் குரலும் விழவில்லை. ஃபேக்டரி ஓடாத நாள், கொட்டகையில் யாருமே இல்லை. தராசுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், நிறுப்பதற்கு ஆள் வருவார்கள் என்று காத்திருப்பது மாதிரி.

 அவரே தொடர்ந்தார். "உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கங்க. ஒரு சந்தேகம் கேக்கத்தான் கூப்புட்டேன். நெத்தியில வெக்க ராணிக் காசத் தேடினேன், காணல. அரிசிப் பானைல துணிக்குள்ள நீங்க மாத்திக் குடுத்த அஞ்சு ரூவாதான் இருந்துச்சு. அதைய வெச்சுத்தான் அனுப்புனோம். அதுல நம்பருக்குக் கீழ ஒரு கீறல் இருக்குதுங்களே." மூச்சு வாங்கினார். "அது நல்ல காசுதானுங்களே? போலி இல்லீங்களே? அவ அதைய நெனச்சு நெனச்சுப் பொலம்பிக்கிட்டிருந்தா. அவளாச்சும் ஒழுங்காப் போய்ச் சேரணுமுங்க."

என் மேசை இழுப்பறை பாதி திறந்திருந்தது. கீறல் போட்ட ஐந்து ரூபாய் அதற்குள் இருந்தது.

"நல்ல காசுதாங்க" என்றேன். "என் கையால குடுத்தது."

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்த வரிசை இப்போது காலியாகிவிட்டது என்று பின்னால் தெரிந்தது. அவர் எந்த ஊருக்குப் போனார், அந்தக் காசை யாரிடம் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ராணிக் காசை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

என்னிடம் இருக்கும் காசை எல்லா விதமாகவும் சோதித்துவிட்டேன். எடை சரி. காந்தம் ஒட்டவில்லை, ஒட்டக் கூடாது. விளிம்பு சரி. லென்ஸில் பார்த்தால் கீறலின் ஓரத்தில் ஆணி வழுக்கிய தடம்கூட அப்படியே இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் நல்ல காசு. அப்படியானால் கலா அக்காவின் நெற்றியில் இருந்தது எது என்று கேட்காதீர்கள். நான் கேட்டுக்கொள்வதில்லை.

ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. விரல் நுனியில் நிறுத்தித் தட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நாங்கள் குடியிருப்பது சின்ன வீடு. அம்மா எப்போதும் பக்கத்து அறையில்தான் இருப்பாள். யார் கூப்பிட்டாலும் உடனே பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு.